மூன்று தப்புக்கு ஒரு பூட்டு

கணபதி,
கோயம்புத்தூர்.
22.11.1998, ஞாயிறு மத்தியானம்

என் அன்பு மனைவி கிருபாவதிக்கு, ஆண்டவர் இதுவரைக்கும் கைவிடாமல் வைத்திருக்கிற உன் கணவன் ஞானாபரணம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீடும் நாலு கோழியும் சுகம். அங்கே நீயும், நம் டெய்சியும், டெய்சியின் வயிற்றில் இருக்கிற இன்னும் பெயர் வைக்காத அந்த ஆளும், மாப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். ஓசூர்க் குளிருக்கு நீ ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரிவாய் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து அதை எடுத்துப் போட்டுக்கொள். இங்கே சமையல் எல்லாம் நானேதான். அரிசியும் பருப்பும் போட்டுச் சாதம் வைக்கிறேன், நீ செய்வதைவிட ருசி ஒரு மாற்றுக் கூடவே இருக்கிறது. உன் முல்லைக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். அது பூக்கமாட்டேன் என்கிறது. நீ இல்லாததற்கு நான் என்ன செய்ய.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மூன்று கடிதத்திலும் ஆபீசில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தேன். மூன்றும் பொய். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறவளைக் கலவரப்படுத்தக் கூடாது என்று மறைத்தேன். இன்றைக்குக் காலை ஆராதனையில் போதகர் பொதுவாகத்தான் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார், எனக்கு மட்டும் அவர் என்னையே பார்த்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது, ஆகவே சாப்பிட்ட கை காய்வதற்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். சங்கதி இதுதான். இந்த மாதக் கடைசியோடு என்னை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். ஐம்பத்தெட்டு முடிய இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. இருபத்தொன்பது வருஷம் டிஸ்பேட்சில் உட்கார்ந்தவன், ஒரு மாலையைப் போட்டுக் கௌரவமாக வெளியே வரவேண்டியவன், கம்ப்யூட்டர் தெரியாத கிழவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வருவதா? பதறாதே, முழுவதும் படி. டெய்சிக்கு வாசித்துக் காட்டாதே.

போன வருஷம் கம்பெனியில் இருபது கம்ப்யூட்டர் வாங்கி ஒயரால் ஒன்றோடொன்று இணைத்தார்கள் அல்லவா, அதற்கு நெட்வொர்க் என்று பெயர். அதில் ஆளாளுக்கு ஒரு கணக்கு. கணக்கு என்றால் வரவு செலவு இல்லை. சபையில் நமக்கென்று ஒரு பெஞ்சு இருக்கிற மாதிரி, அதற்குள்ளே எனக்கென்று ஓர் இடம். என் பெயரை அடித்து, பாஸ்வேர்டு என்கிற ரகசியச் சொல்லையும் அடித்தால் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் என் இடம் திறக்கும். மூன்று தடவை ரகசியச் சொல்லைத் தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் இந்தக் கம்பெனியில் மெர்வின் ஒருத்தனால்தான் திறக்க முடியும். மெர்வினை உனக்குத் தெரியும், நம் பாடகர் குழுவில் டெனர் பாடுகிற, கம்ப்யூட்டர் படித்த பிள்ளை. சபையில் என்னை அங்கிள் என்பான், ஆபீசில் சார் என்பான், கோபம் வந்தால் இரண்டையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்துவிடுவான்.

இப்போது ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. என்னுடைய ரகசியச் சொல் உன் பெயர். முதல்நாள் மெர்வின் ஏதாவது ஒரு பெயர் சொல்லுங்க சார் என்று கேட்டபோது எனக்கு வேறு பெயரே வாயில் வரவில்லை. எட்டு மாதமாகத் தினமும் காலையில் ஒற்றை விரலால் கே, ஐ, ஆர், யூ, பி, ஏ என்று உன்னை அடித்துத்தான் வேலையை ஆரம்பித்தேன். எழுத்தை வாயால் சொல்லாமல் எனக்கு விரல் நகராது என்பது உனக்குத் தெரியும். இதைக் கேட்டுக்கொண்டே ஒருநாள் உள்ளே வந்த மெர்வின், பாஸ்வேர்டை இப்படியா வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பது என்று ஏசினான். அக்டோபர் மாதம் புதுச் சட்டம் போட்டான். எல்லோரும் ரகசியச் சொல்லை மாற்றவேண்டும். மனைவி பெயர் கூடாது, பிள்ளை பெயர் கூடாது, சாமி பெயர் கூடாது, ஒருத்தரும் யூகிக்க முடியாத சொல்லாக இருக்கவேண்டும், வாயைத் திறக்காமல் அடிக்கவேண்டும். என் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உன் பெயரை எடுக்கும்போது எனக்கு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது கிருபா. நீயும் ஊரில் இல்லை, பெயரும் போகிறதே என்று இருந்தது. அவசரத்தில் கண்ணில் பட்ட ஒன்றைப் போட்டு வைத்தேன். என்ன போட்டேன் என்பதைக் கடிதத்தின் கடைசியில் சொல்கிறேன், இங்கேயே சொன்னால் மற்றதை நீ படிக்கமாட்டாய்.

மறுநாளே ஆரம்பித்தது. காலையில் நன்றாகத் திறந்த கணக்கு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பூட்டிக்கிடக்கிறது. மெர்வினின் ஏ.சி. ரூமுக்குப் போனேன். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும், தூசி ஆகாதாம். கழற்றினால் என் சாக்ஸில் கட்டைவிரல் வெளியே வந்து நிற்கிறது. நீ போய் இரண்டு மாதத்தில் மூன்று ஜோடி சாக்ஸும் இந்தக் கதிக்கு வந்துவிட்டன. மெர்வின் என் விரலைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டு திறந்துவிட்டான். அடுத்தநாளும் பூட்டியது. அதற்கடுத்த நாளும். தினம் ஒரு தடவை, தப்பாமல் பூட்டியது. கீபோர்டில் ஏதோ ஒரு பொத்தான் அமுங்கியிருக்கும் என்றான், இல்லை. கீபோர்டையே மாற்றினான், பூட்டியது. ஒயரை மாற்றினான், பூட்டியது. கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போய் வேறு ஒன்றை வைத்தான், அதற்கும் நான் ஒரு சின்ன ஜெபம் பண்ணித்தான் உட்கார்ந்தேன், அதுவும் பூட்டியது. கடைசியில் அவன் முடிவுக்கு வந்துவிட்டான், எனக்கு வயதாகி ஞாபகம் போய்விட்டது, நானே மூன்று தடவை தப்பாக அடித்துவிட்டு இல்லை என்கிறேன் என்று. வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆனால் என்னோடு பேசும்போது மட்டும் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பித்தான். எனக்கு வந்ததே கோபம்.

பூட்டு மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். கூடவே இன்னொரு வினையும் சேர்ந்துகொண்டது. எந்த பம்ப்செட் எந்த ஊருக்கு என்று நான் இன்றைக்கு அடித்து வைப்பதுதான் நாளைச் சாயங்காலம் லாரி ஏறும். திரையில் ஊர்ப் பெயர் வரிசையாக வரும், வேண்டியதைத் தொட்டுவிட்டால் போதும். காங்கேயத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் மில்லுக்குப் போகவேண்டிய பம்ப்செட், காரமடையில் வாழைத்தோட்டக்காரர் ஒருத்தர் வாசலில் போய் இறங்கிவிட்டது. கேட்காமலே அனுப்பியிருக்கிறீங்களே, ரொம்பச் சந்தோஷமுங்க என்று காரமடைக்காரர் டெலிபோன் பண்ணினார். காங்கேயத்துக்காரரும் டெலிபோன் பண்ணினார், அவர் சொன்னதை ஞாயிற்றுக்கிழமை எழுத முடியாது. ஒரே மாதத்தில் இப்படி ஐந்து தடவை. நீயே யோசித்துப் பார். எட்டு மாதமாக என் கணக்கில் ஒரு தப்பு இல்லை. பூட்டு விழ ஆரம்பித்த பிறகுதான் தப்பும் விழுகிறது. ஆகவே எவனோ ஒருத்தன் என் கணக்குக்குள்ளே புகுந்து காங்கேயத்தைக் காரமடை ஆக்கிவிட்டு, போகும்போது பூட்டியும் விட்டுப் போகிறான் என்று நான் கண்டுபிடித்தேன். உள்ளே போக முடிந்தவன் எதற்கு சார் பூட்டிவிட்டுப் போகவேண்டும் என்று மெர்வின் கேட்டான். திருடனுடைய புத்தி உனக்கும் எனக்கும் எப்படித் தெரியும் என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

சின்ன முதலாளி நஞ்சுண்டன் கூப்பிட்டு அனுப்பினார். பெரியவர் மாதிரியே மரியாதை. என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டில் அம்மா ஊருக்குப் போயிருக்காங்களாமே, சாப்பாட்டுக்கு என்னங்க பண்றீங்க என்று விசாரித்து, அதற்குப் பிறகுதான் சொன்னார்: "உங்களுக்குச் சிரமமா இருந்துச்சுங்கன்னா, இந்த மாசத்தோட நீங்க ஊட்டுல ரெஸ்ட் எடுத்துக்கலாமுங்க. லோகப்பிரியா டிஸ்பேட்சைப் பாத்துக்கும்." வேலையை விட்டு அனுப்புகிறதையும் இத்தனை 'ங்க' போட்டுச் சொல்ல நம் ஊரில்தான் முடியும். நான் முதலாளியிடம், என் கணக்கில் ஒரு திருடன் இருக்கிறான், மாதக் கடைசிக்குள் பிடித்துக் கொடுக்கிறேன், பிடிக்க முடியாவிட்டால் நானே போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்த பிறகு, உன்னிடம் சொல்வதில் என்ன, பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்த லோகப்பிரியா மேல் மூன்று நாள் சந்தேகப்பட்டேன். இருபத்திரண்டு வயதுப் பெண், என் நாற்காலி கிடைக்கும் என்பதற்காகச் செய்கிறாளோ என்று ஒளிந்து ஒளிந்து பார்த்தேன். நாலாம் நாள் அவள் வீட்டு மாங்காய் ஊறுகாயை என் தட்டில் வைத்து, ஏனுங்க சார், நீங்க சரியாச் சாப்பிடறதே இல்லீங்களே என்றாள். அந்த ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டு, அன்றையிலிருந்து அவளை ஒளிந்து பார்ப்பதை விட்டுவிட்டேன்.

எதிர் மேஜை அரங்கசாமியைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டோர்ஸ் அவன் பொறுப்பு, பம்ப்செட் அவன் கையிலிருந்து என் கைக்கு வந்து லாரி ஏறும், இருபத்தொன்பது வருஷமாக அப்படித்தான். கறுப்புச் சட்டை. சாமி இல்லை என்பான், இருக்கிறார் என்பேன், அதற்குள் டீ வந்துவிடும். எல்லோரும் ராகுகாலத்தில் நல்ல காரியம் தொடங்கப் பயப்படுவார்கள், இவன் சொந்த மகள் கல்யாணத்தையே ராகுகாலம் பார்த்து வைத்தவன். இந்தத் திருடன் விவகாரத்தை அவனிடம் மட்டும் நான் முழுதாகச் சொல்லவில்லை. மெர்வின், ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். இருபத்தொன்பது வருஷத்தில் அவனிடம் நான் மறைத்த முதல் சங்கதி இது. அவன் என்னிடம் மறைத்ததை இனிமேல் கேள்.

கணக்குப் பூட்டிய நேரம் மட்டும் மெர்வினுடைய கம்ப்யூட்டரில் விழும். அதை ஒவ்வொரு நாளும் கேட்டு வாங்கி, ஒரு தாளில் எழுதி, என் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன். திங்கள் 9.04, செவ்வாய் 4.33, புதன் 1.36, வியாழன் 3.05, வெள்ளி 12.04, சனி 10.35. அடுத்த வாரம் பார்த்தால் அதே கிழமைக்கு அதே நேரம், இரண்டு நிமிஷம் முன்னே பின்னே. மெர்வின் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. தானாக ஓடுகிற ஏதோ ஒரு வேலை, டைமர், வைரஸ் என்று என்னென்னவோ சொன்னான். எந்த வைரஸ் செவ்வாய்க்கிழமை நாலரைக்கும் சனிக்கிழமை பத்தரைக்கும் வரும் என்று அவன் படித்த புத்தகத்தில் இல்லை. பீரோவைத் துடைக்க வந்த சின்னத்தாயிதான் துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்று அதைப் பார்த்தாள். "ஏனுங்க சார், நீங்க வேதக்காரங்களாச்சே. ராகுகாலம் முடியற நேரத்த எதுக்குங்க எழுதி ஒட்டியிருக்கறீங்க?"

நானும் மெர்வினும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். இரண்டு பேரும் ஞானஸ்நானம் எடுத்தவர்கள், நமக்கு எங்கே தெரியப்போகிறது? அவள் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை இறக்கிக் கையில் கொடுத்தாள். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, செவ்வாய் மூன்று முதல் நாலரை, எல்லாம் அப்படியே இருந்தது. திருடன் தினமும் ராகுகாலம் கழியும்வரை காத்திருந்து, நல்ல நேரம் பார்த்துத் தொழில் தொடங்குகிறான். நான் பார்த்த பார்வையில் எங்கள் ஆபீசில் அதற்கு ஒரே ஆள்தான் உண்டு, அக்கவுண்டண்ட் சுந்தரராஜுலு. நெற்றி நிறைய நாமம். ராகுகாலத்தில் பேனா மூடியைக்கூடத் திறக்கமாட்டார். முதலாளியிடம் கையெழுத்துக்குப் போகிற ஃபைலைத் தினமும் ராகுகாலம் முடிந்த அந்த நிமிஷத்தில்தான் எடுத்துக்கொண்டு போவார். அரங்கசாமியை முதல் ஆளாக நான் விடுவித்துவிட்டேன், அவன் ராகுகாலத்துக்கு உள்ளே செய்வானே தவிர வெளியே செய்யமாட்டான்.

இதற்கு நடுவில் மெர்வின், யார் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து தப்பாக அடித்தாலும் அதைப் பதிந்து வைக்கிற ஒரு வசதி இருக்கிறது, அதை இத்தனை நாளாகத் தான் முடுக்கிவிடவே இல்லை என்று தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான். ஒரு மாதம் என் சாக்ஸைப் பார்த்தவன் இதை முதல்நாளே செய்திருக்கலாம். முடுக்கிவிட்டான். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி நாலு நிமிஷத்துக்குப் பதிவு விழுந்தது. கம்ப்யூட்டர் சுந்தரராஜுலுவுடையது. எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. மூன்று வருஷம் முந்தி அவருடைய சம்பந்தி வீட்டுக் கிணற்றுக்கு நான் அனுப்பின பம்ப்செட் ஒருநாள் தாமதமாகிப் போனதற்கு இப்படியா பழிவாங்குவது என்று ராத்திரி முழுக்க மனசுக்குள்ளே அவரோடு சண்டை போட்டேன்.

நேற்றுச் சனிக்கிழமை. மெர்வினுடைய ஏ.சி. ரூமுக்கும் சுந்தரராஜுலுவின் ரூமுக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு. அதில் ஒரு காலண்டரை மாட்டி மறைத்துவிட்டு, அதன் ஓரத்தில் நானும் மெர்வினும் நின்றோம். சுந்தரராஜுலு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி பத்தரை ஆனது. எழுந்தார், ஃபைலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், முதலாளி ரூமுக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. நாற்காலி காலியாக இருந்தது. ஒரு நிமிஷம் கழித்து எங்கள் அரங்கசாமி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது கிருபா. சொல்லாமலே இவனும் மோப்பம் பிடித்து, எனக்காகத் திருடனைப் பிடிக்க வந்துவிட்டானே என்று நினைத்தேன். வந்தவன் நாற்காலியில் உட்கார்ந்தான், கண்ணாடியை மாட்டினான், சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தான், பத்து விரலாலும் படபடவென்று என் பெயரை அடித்தான்.

நான் செருப்பு இல்லாமலே உள்ளே போனேன். மெர்வின் பின்னாலேயே வந்தான். அரங்கசாமி திரும்பிப் பார்த்தான், எழுந்திருக்கவில்லை.

"நீயா?" என்று கேட்டேன்.

"நானேதாம்ப்பா."

"அரங்கசாமி, என் காங்கேயத்தைக் காரமடை ஆக்கினது நீயா?"

"அத ஆக்குனது நீதாம்ப்பா ஞானம். நான் அத மறுபடியும் காங்கேயமா ஆக்கிக்கிட்டிருந்தேன்."

அவன் அந்தத் தாளை என்னிடம் நீட்டினான். வெள்ளிக்கிழமை நான் அடித்து வைத்த பட்டியல். இரண்டு இடத்தில் பென்சிலால் சுழித்து, எந்த ஊர் இருக்கவேண்டுமோ அதைப் பக்கத்தில் எழுதியிருந்தான். அவன் ஸ்டோர்ஸ் அல்லவா, எந்தப் பெட்டி எந்த ஊருக்கு என்பது அவன் சீட்டில் இருக்கும். எட்டு மாதமாகத் தினமும் என் பட்டியலை எடுத்து அவன் சீட்டோடு ஒத்துப் பார்த்திருக்கிறான். வாரத்துக்கு ஒன்றிரண்டு தப்பு வந்திருக்கிறது, எல்லாம் ஒரு வரி மேலே அல்லது ஒரு வரி கீழே தொட்டது. என் கணக்கைத் திறந்தால்தான் அதைத் திருத்த முடியும். என் எதிரில் உட்கார்ந்து திருத்தினால் நான் பார்த்துவிடுவேன், ஆகவே ஆபீசில் தினமும் தப்பாமல் ஒரு நாற்காலி காலியாகிற நேரத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். ராகுகாலத்தை நம்பாதவன் எட்டு மாதமாக அதற்குக் காவல் இருந்திருக்கிறான். என் ரகசியச் சொல்லை நானே தினமும் அவன் காதில் விழ ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அக்டோபரில் நான் வாயை மூடிக்கொண்டு அதை மாற்றின அன்றைக்கு அவன் வெளியே நின்றுவிட்டான். அன்றையிலிருந்து என் தப்பெல்லாம் நேராக லாரி ஏற ஆரம்பித்தது. திருடன் உள்ளே வந்ததால் வந்த தப்பு இல்லை அது, அவன் உள்ளே வர முடியாமல் போனதால் வெளியே தெரிந்த தப்பு.

தினமும் மூன்று தடவை முயற்சி செய்வானாம். பூட்டிக்கொள்ளுமே, தெரியாதா என்று மெர்வின் கேட்டான். "தெரியுமப்பா. பூட்டுனாலும் நல்லதுன்னு உட்டுப்போட்டேன். நீ தொறந்து உடற வரைக்குமாச்சும் காங்கேயம் காங்கேயமா இருக்குமல்ல." என்னென்ன அடித்தாய் என்று கேட்டேன். சொன்னான். உன் முழுப் பெயர். டெய்சி பெயர். உன் பிறந்த ஊர். நம் சபையின் பெயர். நம் கோழிகளுக்கு நீ வைத்த பெயர் நாலையும் ஒவ்வொன்றாக அடித்திருக்கிறான், அதெல்லாம் அவனுக்கு எப்படி ஞாபகம் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"என்கிட்டே ஏன் சொல்லலே?"

"சொன்னா அன்னைக்கே பேப்பர் எழுதிக் குடுத்துபோட்டு ஊட்டுக்குப் போயிருவே. ஒனக்கு எடது கண்ணு தெரியறதில்ல ஞானம். டீ கிளாஸை ரெண்டு தடவை தொழாவி எடுக்கறே. நான் எதிர்லதான உக்காந்திருக்கறேன்."

கிருபா, அது உண்மை. இடது கண்ணில் தை மாதத்திலிருந்தே ஒரு வெள்ளைத் திரை. உனக்குத் தெரியக்கூடாது என்று சபையில் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமலே பாடிக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள். நான் அரங்கசாமியிடம், சரி, புது ரகசியச் சொல் என்னவென்று உனக்குத் தெரியவேண்டாமா என்று கேட்டேன். மெர்வின், சார், யார்கிட்டயும் சொல்லக்கூடாது என்று ஆரம்பித்தான். அவனைப் பேசாமல் இரு என்றேன். அன்றைக்கு மெர்வின் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது, உன் பெயரும் ஆகாது, டெய்சி பெயரும் ஆகாது என்றால் வேறு யாரைப் போடுவது என்று தெரியாமல் தலையைத் தூக்கினேன். எதிர் மேஜையில் இவன் டீயை ஊதிக்கொண்டிருந்தான். இவன் பெயரைப் போட்டுவிட்டேன்.

அரங்கசாமி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் ரொம்ப நேரம் துடைத்தான். மெர்வின் கம்ப்யூட்டர் ஒயரைச் சரிபார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அத மட்டும் அடிச்சுப் பாக்கலியே" என்றான் அரங்கசாமி.

இதுதான் நடந்தது. ஆகவே நான் முதலாளியிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியாகவேண்டும். திருடனை நான் பிடித்துவிட்டேன், திருடன் நான்தான். எட்டு மாதம் அடுத்தவன் கண்ணால் வேலை பார்த்துவிட்டு, ஒரு தப்பும் செய்யாதவன் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறேன். ராஜினாமாவை இங்கிலீஷில் எழுதிவிட்டேன். அரங்கசாமி சாயங்காலம் வருவான், இலக்கணம் பார்க்கக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, நாளைக்குக் காலையில் முதலாளியிடம் கொடுத்துவிடுவேன். லோகப்பிரியாவுக்கு மேஜை சாவியும் என் ஆசீர்வாதமும். டிசம்பர் ஒன்றாம் தேதி ஓசூர் பஸ் ஏறி உன்னிடம் வந்துவிடுகிறேன். இனிமேல் எனக்கு ஆபீஸ் இல்லை. பிள்ளைக்குத் தொட்டில் ஆட்ட ஒரு கண் போதும். வருத்தப்படாதே, எனக்கும் அவ்வளவாக வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். வருத்தம் இருக்கிறது. உன் பக்கத்தில் உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

டெய்சிக்கு என் ஆசீர்வாதம், சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று போதகரிடம் சொல்லி ஜெபத்தில் பெயர் சேர்த்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு அன்பு. உள்ளே இருக்கிற ஆளுக்குத் தாத்தாவின் முதல் முத்தம். ஸ்வெட்டரை மறக்காதே. ஆண்டவர் உங்கள் எல்லோரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உன்னை நாள் எண்ணிக்கொண்டிருக்கிற
ஞானாபரணம்

பி.கு.: தங்கச்சிக்கு ஸ்டோர்ஸ் அரங்கசாமி எழுதறதுங்க. வணக்கம். இன்னைக்குத் திங்கட்கிழமை. தபாலில் சேர்க்கச் சொல்லி ஞானம் கொடுத்த கவரை நான் பிரித்ததுக்கு மன்னிச்சுக்குங்க. மேலே உங்கள் பெயரை எழுதிவிட்டு, முகவரியை டைரியில் ஒரு வரி தள்ளிப் பார்த்து எழுதியிருந்தான். அப்படியே போட்டிருந்தால் இது தாராபுரத்தில் ஆர்மோனியம் ரிப்பேர் செய்கிற ஒருத்தர் வீட்டுக்குப் போயிருக்குமுங்க. வேறு கவர் மாற்றும்போது உள்ளே இருப்பதையும் படித்துவிட்டேன், பழக்கதோஷம். திருத்தவேண்டியது சிலது இருக்குதுங்க. சமையல் அவன் செய்யவில்லை. அந்த அரிசியும் பருப்பும் எங்கூட்டுச் சென்னியம்மாள் தூக்குப்போசியில் கொடுத்தனுப்புவது. முல்லைக்கும் அவன் தண்ணி ஊத்தறதில்லீங்க, பக்கத்தில் இருக்கிற செம்பருத்திக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறான். அப்புறம் அந்த ராஜினாமா. இங்கிலீஷைத் திருத்தச் சொன்னான், திருத்தினேன். திருத்தி வேறு தாளில் எழுதி முடித்தபோது அது கண் ஆபரேஷனுக்கு இருபது நாள் லீவு கேட்கிற விண்ணப்பமாக இருந்தது. எங்கே கையெழுத்து என்று விரலை வைத்துக் காட்டினேன், போட்டுக் கொடுத்தான். காலையில் எட்டே முக்காலுக்கே முதலாளியிடம் கொடுக்கப் போனேன். சுந்தரராஜுலு வழியை மறித்துக்கொண்டு, வேறு எதுக்கு வேணும்னாலும் நீ ராகுகாலத்துல போ, ஞானாபரணத்தோட கண்ணு விஷயத்துக்கு விடமாட்டேன் என்றார். ஒன்பது ஆகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இதை வெளியே சொல்லவேண்டாமுங்க. சின்ன முதலாளியிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டார், அதற்குப் பிறகுதான் ஞானத்துக்கு விஷயத்தைச் சொன்னேன். லீவு முடிந்து வந்தால் நானும் அவனும் ஒரே மேஜையில் உட்காரவேண்டுமாம், ஊர்ப் பெயரை நான் வாசிக்க அவன் அடிக்கவேண்டுமாம், பதினாலு மாசமும். வெள்ளிக்கிழமை ஆபரேஷன், நானும் சென்னியம்மாளும் கூட இருப்போம், நீங்க டெய்சிப் பாப்பாவை விட்டுட்டு வரவேண்டாம். பேரனோ பேத்தியோ, நல்லாத் தெரியற கண்ணுல பாக்கட்டுமுங்க. தொட்டிலுக்கு ஒரு சென்னிமலைப் போர்வை தனியாக அனுப்பியிருக்கிறோம். கடைசியாக ஒன்று. இன்னைக்குக் காலையில் மெர்வின் கணக்கைத் திறந்துவிட்டான். ஞானம் உட்கார்ந்து, பழைய பழக்கம் வந்துவிட்டது, ஏ, ஆர், ஏ, என், ஜி, ஏ என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிச் சொல்லி அடித்தான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. மெர்வின் வந்து, இன்னைக்கே மாத்தியாகணும் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனான். நாளையிலிருந்து சட்டத்தை மீறி மறுபடியும் உங்க பேர்தானுங்க, அவன் என்கிட்ட ரகசியமாச் சொல்லிட்டான். எனக்கு ஒரு நாள் போதுமுங்க.